காதால் கேட்ட வருஷம்

1984-ஆம் வருஷத்தை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டோம். சென்னைக்கு 1975-லேயே தொலைக்காட்சி வந்துவிட்டது. மாயவரத்துக்குக் கிழக்கே, காவிரிக் கடைமடையில் இருந்த எங்களுக்கு உலகம் என்றால் ரேடியோ. காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. மாலை ஆறரைக்கு மாநிலச் செய்தி. ராத்திரி ஒன்பதே காலுக்கு, இரைச்சல் இல்லாத நாளாக இருந்தால், லண்டனிலிருந்து தமிழோசை. இந்த மூன்று வேளையும் கடைத்தெரு சலூனில் பெஞ்சு நிறைந்துவிடும். சலூன் வைத்திருந்த அண்ணன் கண்ணாடிக்கு மேலே பலகை அடித்து மர்ஃபி ரேடியோவை உட்கார வைத்திருந்தார். தலைப்புச் செய்தி முடிகிறவரை யார் கழுத்திலும் கத்தி வைக்க மாட்டார். முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, ஆட்கள் தலையை நிமிர்த்தியபடியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அப்போது பிளஸ் டூ. ஒரே வருஷத்துக்குள் இத்தனையும் எப்படி நடந்தன என்று இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஒருவர் விண்வெளிக்குப் போனார். ஒரு பெண் எவரெஸ்ட் ஏறினார். பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. பிரதமரைச் சுட்டுக் கொன்றார்கள். தலைநகரில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். போபாலில் விஷவாயு கசிந்தது. வருஷம் முடிவதற்குள் பொதுத்தேர்தலும் வந்து போனது. நாற்பது வருஷம் கழித்து இவற்றில் எதையெல்லாம் நாடு முன்னே கொண்டுபோயிருக்கிறது, எதையெல்லாம் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டது என்று பார்க்கிறேன். பெருமைப்பட்ட காரியங்கள் எல்லாம் வளர்ந்திருக்கின்றன. யாருக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டோமோ, அந்த இடங்களில்தான் கால் நகரவே இல்லை.

ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா பைக்கனூரிலிருந்து சோயூஸ் டி-11 கலத்தில் கிளம்பினார். கூடப் போனவர்கள் மாலிஷெவ், ஸ்ட்ரெகாலோவ் என்று இரண்டு சோவியத் வீரர்கள். சல்யூட்-7 நிலையத்தில் ஒரு வாரம் இருந்தார். மேலேயிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்க, அவர் இக்பாலின் கவிதை வரியைப் பதிலாகச் சொன்னார். அந்தப் பதில் எங்கள் சலூனுக்கு மொழிபெயர்ப்பில்தான் வந்து சேர்ந்தது. செய்தி முடிந்ததும் ஒரு பெரியவர், “ஏன் தம்பி, அவ்வளவு உசரத்துலேர்ந்து பாக்குறாரே, மேட்டூர்ல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார். அதை வேடிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பார்களா என்பதுதான் எங்கள் பக்கத்தில் அந்த வருஷத்தின் முதல் கேள்வி.

அடுத்த இந்தியர் விண்வெளிச் சுற்றுப்பாதைக்குப் போக 41 வருஷம் ஆனது. 2025 ஜூன் 25-ஆம் தேதி சுபான்ஷு சுக்லா ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். சர்மாவுக்கு மைசூர் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் ரவா அல்வா செய்து கொடுத்தார்கள். சுக்லா காரட் அல்வா எடுத்துக்கொண்டு போனார். முதலில் போனவர் ஓய்வுக்காலத்தில் நம் குன்னூரில் வந்து குடியேறினார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 41 வருஷம் நீண்ட காலம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பினால் யாருக்கும் கேடில்லை. காத்திருப்புகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதற்காக இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41 நொடி. உஷாவுக்கு 55.42. செய்தி வந்த அன்று எங்கள் கணக்கு வாத்தியார் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, 400-ஐ 55.42-ஆல் வகுக்கச் சொன்னார். நொடிக்கு ஏழேகால் மீட்டர் கிட்டே வந்தது. அதை நூறால் வகுத்தால் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அடிக்குச்சியைக் கரும்பலகையில் வைத்து இரண்டு கோடு போட்டார். மூன்று அங்குலம்கூட இல்லை. “இவ்வளவுதான்டா” என்றார். பிறகு பேசவில்லை. வகுப்பில் ஒருவன்கூட அந்தக் கோடுகளை அழிக்கவில்லை. மறுநாளும் அவை இருந்தன. அங்கே நமக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகத்தான் அந்த நாட்களை ஓட்டினார் என்பதை உஷா பல வருஷம் கழித்துச் சொன்னபோது, எனக்கு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தது என்ன என்று புரிந்தது. மருத்துவர், சமையல்காரர் என்று யாரும் கூட வராத காலம். பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் என்ற ஒரு மனிதரின் பிடிவாதம்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை.

இன்றைக்கு உஷா மாநிலங்களவை உறுப்பினர், இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர். விளையாட்டுக்குப் பணம் வந்திருக்கிறது, ஊட்டச்சத்து நிபுணர்கள் கூடவே போகிறார்கள், தடகளத்தில் நீரஜ் சோப்ரா தங்கமே வாங்கிவிட்டார். ஆனாலும் 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, உஷா ஓடிய நாளுக்குச் சரியாக நாற்பது வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு, பாரிஸில் மல்யுத்த இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்த வினேஷ் போகத் 100 கிராம் எடை கூடியதால் நீக்கப்பட்டார். அவரைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லும் இடத்தில் உஷா நின்றார். அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடியில் நூறில் ஒரு பங்கை இழந்தவருக்குத் தெரிந்த வலி, அந்த அறையில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

பச்சேந்திரி பால் மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் ஏறியதும், அக்டோபர் 24-ஆம் தேதி கல்கத்தாவில் நாட்டின் முதல் மெட்ரோ ஓடியதும் எங்கள் ஊரில் ஒரு நாள் பேச்சோடு முடிந்தன. எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர்தான் அன்றைய மெட்ரோ. 2024-ல் அதே நகரத்தில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. நல்லபடியாக நடந்தது.

ஜூன் மாதத்தை அப்படிக் கடந்துவிட முடியாது. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனபோது, குரு அர்ஜன் தேவின் நினைவு நாளுக்காக வந்திருந்த யாத்ரிகர்கள் உள்ளே இருந்தார்கள். அகால் தக்த் பீரங்கிக்கு இரையாகியது. பஞ்சாப் முழுவதும் ஊரடங்கு, பத்திரிகைக்காரர்கள் வெளியேற்றம். நடவடிக்கையை மேற்பார்த்த தளபதி சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர் என்பதால், எங்கள் ஊரில் ஒரு பகுதியினருக்கு அதில் பெருமை. ராணுவத் தரப்பில் 83 பேர் இறந்ததாக அரசின் வெள்ளை அறிக்கை சொன்னது. ஒரு மக்கள் கூட்டத்தின் மனம் எவ்வளவு ஆழமாகக் காயப்பட்டது என்பதை ரேடியோ சொல்லவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பஞ்சாப் வெகு தூரம். அந்த வருஷம் ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 33 பேர் செத்தபோதுதான், இலங்கைக்குப் போகவிருந்த பெட்டிகளோடு அந்தத் தூரம் எங்கள் வாசலுக்கு வந்தது.

அக்டோபர் 31. அப்பா எங்கள் ஊர் அஞ்சலகத்தில் தந்திக் குமாஸ்தா. மோர்ஸ் கட்டையில் தந்தி அடிக்கிறவர்கள் வேலை இல்லாத நேரத்தில் ஒருவருக்கொருவர் கம்பியிலேயே பேசிக்கொள்வார்கள். அப்படித்தான் சேதி வந்தது. மத்தியானம் சாப்பிட வந்தவர் சட்டையைக் கழற்றாமலே நின்றுகொண்டு அம்மாவிடம், “வெளியில சொல்லாதே, இந்திரா அம்மாவைச் சுட்டுட்டாங்களாம்” என்றார். ரேடியோவைத் திருகினால் வாத்திய இசை. காலை ஒன்பது மணி சுமாருக்குச் சுட்டது. உயிர் போனதை அகில இந்திய வானொலி சொன்னது மாலையில். இடையில் பி.பி.சி. சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் பிரச்சாரத்தில் இருந்த மகன் ராஜீவே பி.பி.சி. கேட்டுத்தான் தெரிந்துகொண்டார் என்பார்கள். சலூனில் அன்று கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. அழுத ஆண்களை அன்றுதான் அத்தனை பேராக ஒரே இடத்தில் பார்த்தேன்.

அதற்கடுத்த மூன்று நாள் டெல்லியில் நடந்ததைப் பற்றி எங்கள் காதுக்கு வந்தது ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம். சில இடங்களில் அசம்பாவிதம், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. இறுதி ஊர்வலத்தின் வர்ணனையை வரிவிடாமல் கேட்டோம். அதற்கு முன்பே யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரியில், 32-ஆம் பிளாக்கின் குறுகலான சந்துகளில் சீக்கிய ஆண்களை வெளியே இழுத்துக் கொன்றிருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர்கள் ராகுல் பேடியும் ஜோசப் மலியக்கனும் அங்கே நேரில் போய் எழுதியதனால்தான் அது வெளியே தெரிந்தது. டெல்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த மாதமே பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். என்ற மனித உரிமை அமைப்புகள் விசாரித்து, அரசியல்வாதிகளின் பெயர்களோடு அறிக்கை வெளியிட்டன. பெயர்கள் முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தன என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு கமிஷன்கள். கமிட்டிகள். மேலும் கமிஷன்கள். 2005-ல் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் வெட்கித் தலைகுனிவதாகச் சொன்னார். முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில். ஒரு தகப்பனையும் மகனையும் கொன்ற இன்னொரு வழக்கில் இரண்டாவது ஆயுள் தண்டனை 2025 பிப்ரவரியில். திலக் விகாரில் அரசு கொடுத்த குடியிருப்புக்கு விதவைகள் காலனி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபது வயதில் அங்கே வந்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள். பலர் தீர்ப்பைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இன்று ஒரு கலவரம் நடந்தால், தெருவிலுள்ள ஒவ்வொரு கையிலும் காமிரா இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் 1984-ல் சாட்சி இல்லாமல் வழக்கு தோற்கவில்லை. சாட்சிகள் நின்றுகொண்டே இருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

தேர்தலுக்கு வருகிறேன். டிசம்பர் 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து வாக்குப்பதிவு. எம்.ஜி.ஆர். அக்டோபர் முதல் வாரத்தில் அப்போலோவில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். இருக்கிறாரா இல்லையா என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. கோயிலில் மண்சோறு சாப்பிட்ட பெண்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அப்போது ஒரு சாயங்காலம் வேன் ஒன்று வந்தது. மேலே டெலிவிஷன் பெட்டி, பக்கத்தில் வீடியோ டெக், பின்னால் ஜெனரேட்டர். எங்கள் தெருவுக்கு வந்த முதல் டெலிவிஷன் அதுதான். படத்தில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். ஸ்பூனால் சாப்பிட்டார், சிரித்தார், கையசைத்தார். “சாப்புடுறாரு பாருடி, எம்ஜியாரு சாப்புடுறாரு” என்று ஒரு அத்தை பக்கத்திலிருந்தவளின் தோளை உலுக்கிய உலுக்கல் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது தேர்தல். தொகுதிப் பக்கம் எட்டிப் பார்க்காமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். பிப்ரவரியில் திரும்பி வந்து மூன்றாவது முறையாக முதலமைச்சரானார்.

அந்த வீடியோ ஒரு அத்தாட்சி. கண்ணால் கண்டார்கள், நம்பினார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில், 2018-ல் காலமான கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அதே முறையில் அ.தி.மு.க. வெளியிட்டது. அந்த அத்தை இப்போது இருந்திருந்தால் எதை நம்பியிருப்பார் என்று யோசிக்கிறேன். காதால் மட்டும் கேட்ட காலத்தில் எங்களுக்குக் கண்ணின் மேல் முழு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை போனது சாதாரண நஷ்டமில்லை. அகில இந்திய அளவில் 1984 தேர்தலில் காங்கிரஸுக்கு 514-ல் 404 இடம், பா.ஜ.க.வுக்கு இரண்டே இரண்டு. 2014-ல் காங்கிரஸ் 44-க்கு இறங்கியது. மாறாதது என்று அரசியலில் எதுவும் இல்லை.

தேதிப்படி தேர்தலுக்கு முன்னால் வரவேண்டிய போபாலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட். அதற்குள் தண்ணீர் போய்க் கொதிப்பேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அங்கே தயாரானது செவின் என்ற பூச்சிமருந்து. எங்கள் பக்கத்து உரக்கடைகளில் தெரிந்த பெயர்தான் அது. வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாந்தியெடுத்த ஆட்களை எங்களுக்குத் தெரியும் என்பதால், மற்ற எந்தச் செய்தியையும்விட இது எங்கள் ஜனங்களுக்குச் சட்டென்று உறைத்தது. “ஒரு டப்பாவுக்கே அந்தப் பாடு. அத்தனை டன்னா?” என்று சலூன் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982-லிருந்தே அந்த ஆலையைப் பற்றி எச்சரித்து எழுதிக்கொண்டிருந்தார். 1984 ஜூனில் ஜனசத்தாவிலும் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று இரவு போபால் ரயில் நிலையத்தில் துணை நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர், மூச்சுத் திணறலோடு நின்றபடி, மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்காமல், கூட்டமாக நின்ற கோரக்பூர் ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பிவிட்டார். அந்த வண்டியில் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அதிகாரம் அதிகம் உள்ளவர்கள் செய்யாததை ஒரு ரயில்வே ஊழியர் செய்தார்.

நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ஆம் தேதி கைதாகி அன்றைக்கே ஜாமீனில் வெளிவந்து, மாநில அரசின் விமானத்திலேயே டெல்லிக்குப் போனார். அப்படியே நாட்டை விட்டும் போனார். 2014-ல் சாகும்வரை திரும்பி வரவில்லை. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கைக்கு அதில் வந்தது 25,000 ரூபாய். 2010-ல் நிறுவனத்தின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு வருஷச் சிறை என்று தீர்ப்பானது. அன்றைக்கே ஜாமீன். இழப்பீட்டை உயர்த்தக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

2025 ஜனவரி முதல் வாரத்தில்தான் ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக்கழிவை லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். இங்கே கொண்டுவராதே என்று அந்த ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் கடைசிக்குள் எரித்து முடித்தார்கள். அதே மாதத்தில்தான் சுக்லா விண்வெளிக்குப் போனார். இரண்டு செய்தியும் என் கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. சுக்லா போனதற்குத் தெருவெல்லாம் வெடி. கழிவு எரிந்ததை என் வயதுக்காரர்களே கவனிக்கவில்லை.

எடுத்துக்கொண்டு போனது தரைக்கு மேலே மூட்டை கட்டி வைத்திருந்ததை மட்டும். ஆலை ஓடிய காலத்தில் மண்ணுக்குள் புதைத்த கழிவும், வெளியே குளங்களில் கொட்டிய கழிவும் வேறு கணக்கு. அவற்றிலிருந்து விஷம் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள காலனிகளின் கைப்பம்புகளில் வந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே தலையிட்டு, குழாய்த் தண்ணீர் கொடுக்கச் சொல்லவேண்டியிருந்தது. 1984-க்குப் பிறகு பிறந்து, அந்த இரவின் வாயுவைச் சுவாசிக்காத பிள்ளைகள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்பது நினைவுச்சின்னம் அல்ல. மண்ணைத் தோண்டி எடுங்கள், அந்தச் செலவை ஆலையை நடத்தியவர்களிடமும் அதை வாங்கியவர்களிடமும் வசூலியுங்கள் என்கிறார்கள். அந்த வேலை இனிமேல்தான் தொடங்கவேண்டும்.